புதுப்பிப்பு: சூப்பர் மீட்டியாரா, ஹிமாலயனா? முடிவெடுத்துவிட்டேன்

நீண்ட பயணத்துக்கு, ராயல் என்ஃபீல்டு பைக்குகளில் விண்ட்ஷீல்டு (காற்றுத் தடுப்பு) வைத்த சூப்பர் மீட்டியார் 650 நல்லதா, ஹிமாலயன் 450 நல்லதா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். "ஓட்டிப் பார்த்துட்டு சொல்லுங்க" என்றீர்கள். நண்பர்களிடம் இரண்டையும் இரவல் வாங்கி, ஆடி மாதத்தில், காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கே கொண்டுபோனேன்.

எதிர்க்காற்றில் மீட்டியார்தான். நெஞ்சில் அழுத்தமே இல்லை. ஆனால் நான் ஆறடி. ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று ஹெல்மெட்டில் மோதுகிறது. உயரம் குறைந்த என் தம்பிக்கு அந்த இரைச்சலே இல்லை. ஆக, ஷீல்டின் உயரத்தை நம் உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே பகுதியிலுள்ள முப்பந்தலில் பக்கக்காற்று. அதற்கு ஷீல்டு உதவாது. 241 கிலோ மீட்டியார் அசையாமல் போனது. 196 கிலோ ஹிமாலயனைக் காற்று தள்ளியது. ஆனாலும் அகலமான ஹேண்டில்பாரை லேசாக அழுத்தினாலே நேராகிவிடுகிறது.

அப்புறம் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஹிமாலயன் அவ்வளவு சுலபமாகத் திரும்பியது! மீட்டியாரில் பாதி வழியிலேயே தோள் வலித்தது. நான் அதிகம் போவது மலைக்குத்தான். ஹிமாலயனையே பதிவு செய்துவிட்டேன். வண்டி வந்ததும் உயரமான ஷீல்டு ஒன்று மாட்டப் போகிறேன்.