கலைச்சொல்: வொர்க்பெஞ்ச் – ‘பணிமேசை’ வேண்டாம், ‘தச்சுப் பட்டடை’ எனலாம்

கலைச்சொல் குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் தச்சுவேலை செய்வோர் மரத்தை வைத்து இழைக்கவும் அறுக்கவும் வைத்திருக்கும் வொர்க்பெஞ்சுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து எழுதும் ஐயா ‘பணிமேசை’ என்று முன்மொழிந்ததையும், செந்தூலிலிருந்து எழுதும் அக்கா அதைப் ‘பட்டறை மேசை’ என்று மாற்றச் சொன்னதையும் படித்தேன். இரண்டும் இலக்கணப்படி சரியான சொற்கள்தாம். ஆனால் இரண்டுமே கேட்பவர் மனத்தில் வேறொரு பொருளைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன என்பதால் எனக்குத் தயக்கம் உண்டு.

‘பணிமேசை’ என்றால் கோலாலம்பூரில் அலுவலகம் போய்வரும் எவருக்கும் கணினி வைத்த மேசைதான் நினைவுக்கு வரும். மலாய் மொழியில் ‘மேஜா கெர்ஜா’ (வேலை மேசை) என்பதும் இப்படித்தான் அலுவலக மேசைக்கும் வொர்க்பெஞ்சுக்கும் பொதுவாக நிற்கிறது. ‘பட்டறை’ என்ற சொல்லோ செந்தூல் ரயில் பட்டறையில் உழைத்த தலைமுறைக்கு இரும்பும் எண்ணெயும் மணக்கும் சொல்லாக இருந்தது. இன்று நம் நாட்டுத் தமிழில் அது தன்முனைப்புப் பட்டறை, சிறுகதைப் பட்டறை என்று பயிலரங்கின் பக்கம் போய்விட்டது. ‘பட்டறை மேசை’ என்று அச்சிட்டால், வாசலில் பெயர் பதிவு செய்யும் மேசை என்றே பலர் எண்ணுவார்கள்.

‘மேசை’ போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது என்பதற்காக அதை நான் விலக்கவில்லை; அது எப்போதோ நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. என் எதிர்ப்பு அளவைப் பற்றியது. மேசை என்றதும் நாம் 75 செ.மீ. உயரத்தை எடுத்துக்கொள்கிறோம், ஏனெனில் அது நாற்காலியில் அமர்ந்து சாப்பிடவும் எழுதவும் ஏற்ற உயரம். மரத்தைச் சீவும் இழைப்புளியைத் தள்ளுகிறவர் நின்றுகொண்டு உடல் எடையை முன்னே செலுத்துகிறார். அவருக்கு உரிய உயரத்தை அவர் உடலிலேயே அளக்க வேண்டும்: நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்கினால் அது எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே இழைப்பு வேலைக்கான மேற்பரப்பு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 80 செ.மீ. வரும். அதே ஆள் மெல்லிய வாளால் நுட்பமான மூட்டு அறுக்கும்போது கண்ணுக்கு அருகில் வேலை இருக்க வேண்டும் என்பதால், முழங்கைக்குச் சற்றே கீழே, 95 செ.மீ. அளவில் வேண்டியிருக்கும். மேலைநாட்டு வரைபடங்கள் 86 முதல் 91 செ.மீ. வரை சொல்வது இவ்விரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். அதையும் அந்நாட்டவர் உடல்வாகை ஒட்டியே செய்திருக்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்து நம் ஊர்க் குறிப்பேட்டில் எழுதுவது சரியல்ல.

உயரத்தைக் காட்டிலும் முக்கியமானது பக்கவாட்டு விசை. சாப்பாட்டு மேசையின் மேல் பலகையை வைத்து இழைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒவ்வொரு தள்ளலுக்கும் கால்கள் தள்ளிய பக்கமே சாய்ந்து மீள்கின்றன, இழைப்புளியின் நாக்கு மரத்தைச் சீவாமல் தடதடவென்று குதிக்கிறது, சற்று நேரத்தில் மேசையே மொசைக் தரையில் நகர்ந்து சுவரை முட்டுகிறது. மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்க நான்கு கால் போதும். பக்கத்திலிருந்து வரும் தள்ளலைத் தாங்க எடையும், காலோடு காலை இறுக்கும் குறுக்குச் சட்டங்களும், ஆழமான மூட்டுகளும் வேண்டும். பாரம் தாங்குவதற்கு மேசை என்று பெயர் இருக்கிறது. அடியும் தள்ளலும் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இதற்குத் தமிழில் ஏன் பழைய சொல் இல்லை என்று ஈப்போ நண்பர் கேட்டிருந்தார். நம் தச்சர்கள் வழிவழியாகத் தரையில் அமர்ந்து, காலால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள். தரையே தாங்கியாகவும் பாதமே பிடியாகவும் இருந்த தொழிலில் இப்படியொரு சாமானுக்கு இடமில்லை, ஆகவே பெயரும் இல்லை. ஆனால் பக்கத்துக் களத்தில், கொல்லரிடம், அடி வாங்குவதற்கென்றே ஒரு பொருளும் அதற்கு ஒரு சொல்லும் இருந்தன. ‘சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை’ என்று குறள் 821 சொல்லும் பட்டடை அதுதான். கூடாநட்பைச் சொல்ல வந்த இடத்தில் வள்ளுவர் அதை எடுத்தாண்டார் என்றாலும், பொருள் தெளிவாக இருக்கிறது: வீசும் அடியை ஏற்கும் தளம். தச்சரும் கொல்லரும் தட்டாரும் கன்னாரும் கற்தச்சரும் கம்மாளர் என்ற ஒரே பெயருக்குள் வாழ்ந்தவர்கள் என்பதால், கொல்லர் சொல்லைத் தச்சருக்கு எடுத்துக்கொடுப்பதில் உறுத்தல் ஒன்றுமில்லை. எனவே ‘தச்சுப் பட்டடை’ என்று முன்மொழிகிறேன்.

கொல்லர் பட்டடை இரும்புத் துண்டாயிற்றே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். ‘தச்சு’ என்ற முன்னொட்டு அதைத் தீர்த்துவிடும். மின்னணுப் பழுது பார்ப்பவர் உட்கார்ந்து பற்றவைக்கும் இடத்தில் அடியும் இல்லை, தள்ளலும் இல்லை. அதற்குப் ‘பணிமேசை’ பொருத்தமாகவே இருக்கும், ஐயாவின் சொல்லும் வீணாகாது.

அகரமுதலி வரையறையில் அளவுகளையும் சேர்க்க வேண்டும் என்று அக்கா கேட்டதால், நம் வீடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். 20 அல்லது 22 அடி அகலமுள்ள இணைப்பு வீட்டில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது கார் நிற்கும் முகப்புதான். அங்கே 1.5 முதல் 1.8 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் போதும். அகலம் அதற்கு மேல் போனால், சுவரை ஒட்டி வைத்தவரின் கை மறுபக்கத்துக் கருவியை எட்டாது. எட்டுக்கு நான்கு அடி ஒட்டுப்பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஏறக்குறைய 61 செ.மீ. வருவதும் இந்த அகலத்துக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. 18 மி.மீ. பலகை ஒன்றை மட்டும் போடக் கூடாது. இரண்டை முழுப் பரப்பிலும் பசையிட்டு ஒட்டி 36 மி.மீ. ஆக்கினால், வளையாமல் நிற்கும் வலு இரண்டு மடங்காக அல்ல, எட்டு மடங்காகக் கூடும்.

முழு மரம் விரும்புவோருக்கு ரப்பர் மரம் நல்லது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பட்டையைக் கீறிப் பால் எடுத்த அதே மரம், 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்தபின் அறுக்கப்பட்டு, மூவார் நகரின் தளவாட (மரச்சாமான்) தொழிற்சாலைகளுக்குப் போகிறது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. 1.8 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. தடிமனில் மேற்பலகை செய்தால் அது மட்டுமே 50 கிலோவை ஒட்டி வரும், இழைப்புக்கு அந்த எடை வேண்டியதே. பூஞ்சணமும் பூச்சியும் இம்மரத்தை எளிதில் பற்றும் என்பதால், மருந்து ஏற்றிய பலகையாகப் பார்த்து வாங்கி, மழைச்சாரல் படாமல் வைக்க வேண்டும். முகப்புத் தரை நீர் வடிவதற்காகச் சாலைப் பக்கம் சரிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது: நான்கு காலையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டுப் பிறகு அட்டை மடித்துச் செருகுவதைவிட, வைக்கும் இடத்தில் ரசமட்டம் பிடித்துக் காலை அளந்து வெட்டுவதே முறை.

துணைச்சொற்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேற்பலகைத் துளையில் செருகி மரத்தைத் தடுத்து நிறுத்தும் கட்டைக்கு ‘முளை’ என்ற பழஞ்சொல் போதும்; மாடு கட்டும் முளையும் அசையாமல் நிறுத்தும் வேலையைத்தான் செய்கிறது. கால்கள் ஒருசேரப் பக்கம் சாய்ந்து மீளும் குறைக்குச் ‘சாய்வாட்டம்’ என்று நான் எழுதிவருகிறேன், இதைவிடச் சுருக்கமானது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். திருகிப் பிடிக்கும் கருவிக்குக் ‘கவ்வி’, ‘இடுக்கி’ இரண்டுமே முன்மொழியப்பட்டுள்ளன. இடுக்கி ஏற்கெனவே கொல்லர் கையிலும் சமையலறையிலும் வேறு பொருளில் இருப்பதால் என் வாக்கு கவ்விக்கே. ஆனால் பினாங்கு ஹார்ட்வேர் கடையில் ‘வைஸ்’ என்றோ மலாயில் ‘ராகும்’ என்றோ கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் என்பதால், அகரமுதலியில் அவ்விரண்டையும் கவ்விக்குப் பக்கத்திலேயே வழக்குச் சொற்களாகப் பதிந்துவிட வேண்டும்.