பலருக்கும் நினைவிருக்கிறது, படத்தில் இல்லை: பழைய படத் தகவலை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: டெண்டுக்கொட்டாய்

எங்கள் ஊர் நூலகத்தில் 1940 முதல் 1980 வரை வந்த தமிழ்ப் படங்களுக்கு ஒரு தகவல் பட்டியல் தயாராகிறது. பெரியவர்களிடம் கேட்டு எழுதும் குறிப்புகள் அச்சு ஆதாரங்களோடு மோதுகின்றன. 'நாடோடி மன்னன்' முழுக்கக் கறுப்பு வெள்ளை என்று சிலர், முழுக்கக் கலர் என்று சிலர். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த படங்கள் இரண்டு மூன்று இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். படுத்திருந்த சுவரொட்டியைப் பார்த்துத்தான் ஆண்டிபட்டியில் அவருக்கு ஓட்டு விழுந்தது என்றும் சொல்கிறார்கள். யாரும் வேண்டுமென்று மாற்றிச் சொல்லவில்லை; கேட்டால் காட்சியை விவரித்தே சொல்கிறார்கள். பத்துப் பேர் ஒன்றுபோலச் சொன்னால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா? எதை வைத்துச் சரிபார்ப்பது?

பதில் 1: ரீல்பெட்டி

முதலில் உங்கள் மூன்று உதாரணங்கள்.

'நாடோடி மன்னன்' (1958) பாதி கறுப்பு வெள்ளை, பாதி கலர். பானுமதி வரும் முற்பகுதி கறுப்பு வெள்ளை. சரோஜாதேவி வரும் பிற்பகுதி கேவா கலர். இரண்டு தரப்பும் தவறு, இரண்டு தரப்புக்கும் காரணம் இருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சியில் கலர் வந்தது 1982-இல். வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர் எந்தப் படத்தையும் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்திருப்பார். எனவே நிறம் பற்றிய குறிப்பு எழுதும்போது "எங்கே பார்த்தீர்கள், கொட்டகையிலா டிவியிலா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி சேர்ந்து நடித்தது 'கூண்டுக்கிளி' (1954) ஒன்றே ஒன்று. ஆனால் பத்மினி, சரோஜாதேவி என்று கதாநாயகிகள் இருவருக்கும் பொது. டி.எம்.எஸ். குரல் இருவருக்கும் பொது. விழாக்களில் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படங்களும் ஏராளம். இத்தனையும் சேர்ந்தால், இல்லாத இரண்டாவது படம் நினைவில் தானாக உருவாகிவிடும்.

மூன்றாவதில் இரண்டு தேர்தல்கள் ஒன்றாகியிருக்கின்றன. 1967 ஜனவரி 12-இல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்துக் கட்டுப் புகைப்படம் அடுத்த மாதத் தேர்தலுக்கு உரியது, தொகுதி பரங்கிமலை. ஆண்டிபட்டி 1984 டிசம்பர் தேர்தல். அப்போது அவர் நியூயார்க் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தார். ஊர் ஊராகக் காட்டப்பட்டது அங்கே எடுத்த வீடியோ. இரண்டு முறையும் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே வென்றார் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். "நீங்கள் பார்த்தது அசையும் படமா, அசையாத படமா?" என்ற ஒரு கேள்வி போதும், பெரும்பாலும் ஆண்டு பிரிந்துவிடும். அவர் வசனம் பேசும் காட்சி என்றால் குரலும் உதவும்: 1967-க்கு முந்திய குரலும் பிந்திய குரலும் வேறு.

பதில் 2: மனத்திரை

பத்துப் பேர் ஒன்றுபோலச் சொல்வது ஆதாரம் ஆகாது. அந்தப் பத்துப் பேரும் தவறான தகவலை ஒரே வழியில் பெற்றிருக்கலாம்.

1992 அக்டோபர் 4-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. மோதிய நொடியை யாரும் படம் பிடிக்கவில்லை. பிறகு டச்சு உளவியலாளர்கள், "விமானம் மோதிய காட்சியை டிவியில் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். 1996-இல் வெளியான ஆய்வு அது. கேள்வியே அப்படி ஒரு படம் இருப்பதாகச் சொல்லிவிட்டது. செய்திகளும் வரைபடங்களும் மீதியை நிரப்பின. நெல்சன் மண்டேலா 1980-களிலேயே சிறையில் இறந்துவிட்டதாக உலகெங்கும் பலர் உறுதியாக நம்பியதும் இந்த வகைதான். அவர் 1990-இல் விடுதலையாகி 2013-இல் மறைந்தார்.

ஆகவே கேட்கும் முறையை மாற்றுங்கள். "அந்தப் படத்தில் அவர் கத்தியை வீசும் காட்சி உண்டல்லவா?" என்று கேட்டால் கத்தியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். "அந்த இடத்தில் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் கேட்பதற்கு முன், தனித்தனியாக எழுதி வாங்குங்கள். திண்ணையில் கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் முதலில் உரக்கப் பேசுபவரின் நினைவுதான் எல்லோருடைய நினைவாகவும் பதிவாகும். சொல்பவர் யூடியூபில் தேடிப் பார்ப்பதற்கு முன்பே எழுதி, தேதி போட்டுவிடுங்கள். பார்த்த பிறகு பழைய நினைவையும் புதிய காட்சியையும் அவரே பிரிக்க முடியாது. விவரம் நிறைய இருப்பதையும், சொல்பவர் அடித்துச் சொல்வதையும் உண்மைக்கு அடையாளமாக எடுக்காதீர்கள். பொய் நினைவும் புடவை நிறம் வரை துல்லியமாக வரும்.

வசனங்களுக்குத் தனி எச்சரிக்கை. 1980-இல் வந்த 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் வில்லன் சொல்வது "நோ, ஐ ஆம் யுவர் ஃபாதர்". உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுவது "லூக், ஐ ஆம் யுவர் ஃபாதர்". காட்சிக்கு வெளியே அந்த வரியைச் சொல்பவர், கேட்பவருக்கு இடம் புரிய வேண்டும் என்று பெயரைச் சேர்த்துவிடுகிறார். நம் மிமிக்ரி மேடைகளிலும் இதுவேதான் நடக்கிறது. படத்தை ஒருமுறை பார்த்தவர் மேடையில் ஐம்பது முறை கேட்டிருப்பார். மனத்தில் நிற்பது ஐம்பதாவது வடிவம்.

பதில் 3: ஒலிச்சித்திரம்

தமிழ்நாட்டில் பரவலாக இருந்த ஒரு வழியை விட்டுவிட்டீர்கள்: காதால் "பார்த்த" படங்கள். வானொலி ஒலிச்சித்திரம் முழுப்படத்தையும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியது. 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் கதை வசனம் இசைத்தட்டாக வந்து, கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் ஓடியது. எல்.பி. தட்டில் ஒரு பக்கம் 20 முதல் 25 நிமிடந்தான் கொள்ளும். இடைக்காட்சிகள் போய்விடும், இரண்டு காட்சிகள் ஒட்டிக்கொள்ளும். கேட்டவர் மனத்தில் படம் ஓடியிருக்கும். பல ஆண்டுகள் கழித்து அதைக் கொட்டகையில் பார்த்ததாகவே சொல்வார். காட்சிகளின் வரிசை மாறியிருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.

இன்னொன்று, இருமொழிப் படங்கள். 'மாயா பஜார்' (1957) தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. அபிமன்யு தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். கிருஷ்ணராக இரண்டிலும் என்.டி. ராமராவ், கடோத்கஜனாக இரண்டிலும் ரங்காராவ். 2010-இல் வண்ணம் ஏற்றி வெளியிட்டது தெலுங்கு வடிவத்தை. அதைப் பார்த்தவர் "மாயா பஜார் கலர் படம்" என்றும், "ஜெமினி அதில் இல்லை" என்றும் சொன்னால் வியப்பில்லை. பெயர் ஒற்றுமையையும் கவனியுங்கள். 1931-இன் 'காளிதாஸ்' படத்துக்கு இன்று பிரதியே கிடையாது. அதை டிவியில் பார்த்ததாகச் சொல்பவர் சிவாஜி நடித்த 'மகாகவி காளிதாஸ்' (1966) படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

டெண்டுக்கொட்டாய்:

மிக்க நன்றி. கேள்விப் படிவத்தை இன்றே மாற்றுகிறேன். ஒரு துணைக்கேள்வி: ஒரு படத்தில் ஒரு பாட்டு இருந்ததாகப் பலர் சொல்கிறார்கள், இணையத்தில் உள்ள பிரதியில் அது இல்லை. இதைப் பொய் நினைவு என்று எழுதிவிடலாமா?

பதில் 4: ரீல்பெட்டி

எழுதக் கூடாது. முதலில் நீளத்தை அளந்து பாருங்கள்.

படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தை நிறுத்தி, ரீல் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். ஆயிரம் அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம். சான்றிதழில் 4,500 மீட்டர் என்று இருந்தால் படம் 164 நிமிடம். இணையப் பிரதி 140 நிமிடந்தான் என்றால் 24 நிமிடத்தைக் காணோம். உங்கள் பாட்டு அதற்குள் இருந்திருக்கலாம்.

இதில் தவறு நேரும் இடங்கள் உண்டு. டிவிக்கும் டிவிடிக்குமான பிரதிகள் பல, நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 25 பிரேமாக ஓடும். அதே 164 நிமிடம் 157 அல்லது 158 ஆகிவிடும். ஒரு காட்சிகூட வெட்டப்பட்டிருக்காது. பாட்டின் சுருதி இசைத்தட்டைவிட அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருந்தால் இதுதான் காரணம். அடுத்து, மறுவெளியீட்டுப் பிரதியில் சான்றிதழ் தேதியும் நீளமும் மறுவெளியீட்டுக்கு உரியவையாக இருக்கலாம். தேதியைப் பார்க்காமல் நீளத்தை நம்பாதீர்கள். சான்றிதழில் முக்கோணக் குறி இருந்தால் தணிக்கையில் வெட்டு உண்டு என்று பொருள்.

பதில் 5: பாட்டுப்புத்தகம்

நீளம் சரிபார்த்த பிறகு கொட்டகைப் பாட்டுப் புத்தகம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நல்ல தொகுப்பு இருக்கிறது. நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பாடல் வரிகள் எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் புத்தகம் படம் முடிவதற்கு முன்பே அச்சுக்குப் போயிருக்கலாம். அதில் பாட்டு இருப்பது படத்தில் இருந்ததற்குச் சாட்சி ஆகாது. இசைத்தட்டின் நடுத்தாளும் அப்படியே: பாடியவர், இசை, படத்தின் பெயர் ஆகியவற்றுக்கு நம்பலாம், படத்தில் இடம்பெற்றதற்கு நம்பக் கூடாது. அதற்கு வெளியீட்டு வார விமர்சனம் தேடுங்கள், ஏனென்றால் விமர்சகர் எழுதியது திரையில் ஓடியதைப் பார்த்து. அது கிடைக்காவிட்டால் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிரதி இருக்கிறதா என்று எழுதிக் கேட்கலாம்.

பட்டியலில் "உண்மை / பொய்" என்று இரண்டே கட்டம் வைக்காதீர்கள். "திரைப் பிரதியில் உண்டு", "இசைத்தட்டில் மட்டும்", "பாட்டுப் புத்தகத்தில் மட்டும்", "வாய்மொழி மட்டும்" என்று நான்கு வையுங்கள். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள், அது எத்தனை நிமிடம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாளைக்கு நீளமான பிரதி ஒன்று கிடைத்தால் எந்தெந்த வரிகளைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரியும்.