சில்பச்சோலே நண்டு சூப் வைக்க சோள மாவுக்கு எங்கே போவது?

உப்புவெளியான்:
மெக்சிகோவில் வேராக்ரூஸ் கரையோரத்து ஆட்கள் வைக்கிற சில்பச்சோலே என்ற காரமான நண்டு சூப்பை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். நண்டுக்குப் பிரச்சினை இல்லை, திருகோணமலையில் இருந்துகொண்டு நண்டுக்கு அழுதால் சிரிப்பார்கள். மற்றதுதான் சிக்கல்: சிபோட்லே மிளகாய், எபாசோட்டே இலை, சூப்பைத் தடிப்பாக்குகிற சோள மா. கடையில் கோர்ன் பிளவர்தான் இருக்கிறது, சரிவருமா? அம்மா தேங்காய்ப்பால் விடச் சொல்கிறார்.

சாம்பல்தீவு அக்கா:
தம்பி, பாலும் கறித்தூளும் வேண்டாம், விட்டால் அது நம்முடைய நண்டுக் குழம்புதான். இந்தச் சூப்பின் ருசி சுடுவதில் இருக்கிறது. 1 கிலோ நண்டுக்கு தக்காளி நாலைந்து, ஒரு வெங்காயம், நாலு பல்லு உள்ளி, எல்லாவற்றையும் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் போட்டு அங்கங்கே கருகும்வரை சுட்டு, ஊறவைத்த மிளகாயோடு அரைத்து, பிறகு சூடான எண்ணெயில் கொட்டி நிறம் கறுக்கும்வரை கிண்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். சிபோட்லே என்பது பழுத்த ஹலப்பேனோ மிளகாயைப் புகையில் காயவைத்தது. சிரட்டைத் தணலில் கொஞ்சம் பொச்சைப் போட்டு, மேலே கம்பி வலையில் செத்தல் மிளகாயைப் பரப்பிவிடுங்கோ, அந்த மணம் ஓரளவு வந்துவிடும். விதையைத் தட்டிவிட்டு நாலைந்து போதும். அவர்கள் கூடவே போடுகிற ஆஞ்சோ மிளகாய் பெரிது, காரம் குறைவு, அந்தக் கணக்கில் செத்தலைப் போட்டால் ஒருவரும் வாயில் வைக்க மாட்டீர்கள்.

கொட்டியார்குடா:
கோர்ன் பிளவர் வெறும் மாப்பொருள், தடிப்பு வரும், சோளன் வாசம் வராது. அவர்கள் முற்றிய காய்ந்த சோளனைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி அரைக்கிறார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மா பிசைய ஒட்டும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பில் நிறமும் வாசனையும் சேர்க்காத வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள், 1 கிலோ சோளனுக்கு 10 கிராம் அளவு. அரைத்ததில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். கூழுக்கு ஒடியல் மா கரைத்து விடுகிற மாதிரியேதான், கை விடாமல் கிண்டாவிட்டால் அடியில் பிடிக்கும்.

மூதூர் மச்சான்:
எபாசோட்டேக்குப் பதிலாக முருங்கையிலை ஒரு பிடி போட்டால் என்ன?

சாம்பல்தீவு அக்கா:
அது மண்ணெண்ணெய் மாதிரி மூக்கில் ஏறுகிற இலை, முருங்கையிலை கிட்டவும் வராது. மல்லி இலை போடலாம், போடாமல் விட்டாலும் சூப் கெடாது. நண்டைக் கடைசியில் போடுங்கோ, பத்து நிமிடம் காணும், அதற்கு மேல் கொதித்தால் சதை காய்ந்துபோகும்.

உப்புவெளியான்:
சரி அக்கா, பால் இல்லை என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று, முகம் சரியில்லை. 😅 கால் கிலோ சோளன் அவித்தாலே மா மிஞ்சும் போல, மிச்சத்தை என்ன செய்வது?

கொட்டியார்குடா:
உப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து சின்ன உருண்டையாக்கி, நடுவில் விரலால் ஒரு குழி அமுக்கி, நண்டு போடுவதற்கு முன் கொதிக்கிற சூப்பிலேயே போடுங்கள். அங்கேயும் அப்படிப் போடுவார்கள், சோச்சோயோட்டே என்று பெயர். தேசிக்காயைச் சாப்பிடும்போது கோப்பையில் பிழிந்தால் போதும், சட்டிக்குள் பிழிய வேண்டாம்.