மழைக்குப் பிறகும் இருந்த தீவுகள்

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்காக ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு சாக்பீஸ் ஓவியம் வரையப் போயிருந்தேன். தன்னார்வலர்கள் ஆறு பேர். முற்றத்து சிமென்ட் தரை முழுக்க, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே படம் வரைய வேண்டும்.

என்ன படம் என்பதை அங்கே வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்காக 1995-ல் வந்த சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் அது 21 ஆகிவிட்டது. "நம்ம மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுதானே, அதையே வரைவோம்" என்றார். பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. குருசடை, சிங்கில், முசல் தீவு என்று ஆளாளுக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சே அக்கா, அதையும் வரையணுமா?" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். பூவரசன்பட்டியையும் விலங்குச்சல்லியையும் சொல்கிறான். கட்டாயம் வரையணும் என்றார் பயிற்றுநர். கற்றல் குறைபாடு மாதிரி, பார்த்தால் தெரியாததும் அந்த 21-ல் இருக்கிறதே. அந்த இரண்டையும் புள்ளிக்கோட்டில் போட்டோம்.

எல்லாரும் தரையில் குந்தி வரையத் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால், வராந்தாவில் சக்கர நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை. அவள் பக்கத்தில் கண் தெரியாத பையன், கையில் ஒடியாத புது சாக்பீஸோடு. "நிழல்ல உட்கார்ந்து பாரும்மா" என்று அவளை அங்கே விட்டது நான்தான். யாருக்காகப் போனோமோ அவர்களையே ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

வழி காட்டியது சத்துணவுக் கூடத்து அக்கா. ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து, நுனியில் தடியான நீல சாக்பீஸை வைத்து, வலை நூலால் இறுக்கிக் கட்டினார். இரண்டு தடவை ஒடிந்தது. அப்புறம் சாக்பீஸைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்தோம். நனைந்தால் நிறம் நன்றாக ஏறும், வாடைக்காற்றுக்குத் தூளும் பறக்காது. குந்தியிருந்த எங்களுக்குக் கை நீளத்துக்குத்தான் கோடு வரும். அவள் கம்பைச் சாய்த்துப் பிடித்திருக்க, தோழி ஒருத்தி நாற்காலியைத் தள்ள, முற்றத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே அலை! தீவுகளைச் சுற்றியிருந்த கடல் மொத்தமும் அவள் போட்டதுதான்.

பையனுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவனிடமே கேட்டோம். "கயிறு இருந்தா கொடுங்க அக்கா" என்றான். அவன் வீட்டில் வலை வேலை, கயிறு அவன் கைக்குப் பழக்கம். ஒவ்வொரு தீவின் ஓரத்திலும் கயிறு வைத்து, அகல டேப்பால் தரையில் ஒட்டினோம். விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே பச்சை நிரப்பினான். எது பெரியது, எது எதற்குப் பக்கம் என்று விடாமல் கேட்டான். முசல் தீவுதான் பெரியது என்றதும், அதை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

ராத்திரி நல்ல மழை. கார்த்திகை மாதம், அது தெரிந்துதான் வரைந்தோம். ஆனாலும் மறுநாள் காலை முற்றத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. கடலும் இல்லை, பச்சையும் இல்லை. சில இடங்களில் டேப் பிய்ந்திருந்தாலும் கயிறுகள் பெரும்பாலும் அப்படியே கிடந்தன. எது எந்தத் தீவு என்று பிள்ளைகளுக்குள் சண்டை. கயிறு கேட்ட அந்தப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தால் கயிற்றைத் தடவிக்கொண்டே நடந்தான். "இது மனோலி. இங்க வாங்க, இதுதான் என் முசல் தீவு." மற்றவர்கள் அவன் பின்னாலேயே வரிசையாகப் போனார்கள்.