கொலோனியல் கசின்ஸ் முதல் அல்பம்: கலந்ததா, பக்கத்தில் இருத்தியதா?

சுருதிப்பெட்டி:
போன கிழமை ஒரு கலியாண வீட்டில் எங்கள் பொடியள் கிற்றாரோடு 'கிருஷ்ணா நீ பேகனே' பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் அறிவிப்பாளர் "ஹரிஹரனின் பாட்டு" என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அது பழைய காலத் துறவி வியாசராயர் கன்னடத்தில் பாடியது. ராகம் யமுனாகல்யாணி. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அபிநயம் பிடித்துப் பேர்பெற்ற உருப்படி. 1996இல் பாடகர் ஹரிஹரனும் இசையமைப்பாளர் லெஸ்லி லூயிஸும் 'கொலோனியல் கசின்ஸ்' என்ற பேரில் முதல் அல்பம் போட்டபோது அதை எடுத்து, நடுவில் ஆங்கிலப் பொப்பைச் செருகினார்கள். தாய் பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற பாட்டு அது. இவர்கள் அதை உலகத்தைக் காப்பாற்ற வா என்ற மன்றாட்டாக்கிவிட்டார்கள். இது கலப்பே இல்லை, இரண்டு பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தியிருக்கிறார்கள்.

கொக்குவில் கிற்றார்:
ரீச்சர், மேடையில் கிற்றார் வாசித்தவன் நான்தான். வியாசராயர் பேரைச் சொல்லாதது பிழை, ஒத்துக்கொள்ளலாம். மற்றதை விடமாட்டேன். கடைசிச் சரணத்தைப் பாருங்கோ. தாய்க்கு வாய்க்குள்ளே உலகத்தைக் காட்டியவன், உலகத்தை உய்விப்பவன், எங்கள் உடுப்பிக் கிருஷ்ணன் என்றுதானே முடிகிறது? அப்ப 'காப்பாற்ற வா' என்பது லூயிஸ் வெளியிலிருந்து கொண்டுவந்ததா? வியாசராயரே வைத்துவிட்டுப் போனதுதான்.

இணுவிலான்:
ரெண்டு பேரும் சாகித்தியத்தில், பாட்டின் சொல்லில், நிற்கிறீர்கள். ஃபியூஷன் என்ற கலப்பு நிற்பதும் விழுவதும் சுரத்தில். மத்திமம் என்ற 'ம' சுரத்தில் ரெண்டு வகை. யமுனாகல்யாணியில் கூடின 'ம'வான பிரதி மத்திமம்தான் வீட்டுக்காரர். குறைந்த 'ம'வான சுத்த மத்திமம் ஒரு சில சுரக் கோவைகளில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ராகத்தின் அழகே அந்த எட்டிப்பார்ப்பில்தான். கிற்றாரில் ஒரு கோர்ட்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, பிடித்து அப்படியே வைத்திருந்தால் அது எங்கே தெரியும்? எங்கள் ஊர்க் கோயிலில் இதே ராகத்தை நாதஸ்வரத்தில் வாசிக்கும்போது, அந்த இடம் வந்தால் தவில்காரர் கையை மெதுவாக்கி வழிவிடுவார். கோர்ட் வழிவிடுமா?

கொக்குவில் கிற்றார்:
விடும் அண்ணை, கோர்ட்டை மாற்றத் தெரிந்தால். சுத்த மத்திமம் வருகிற இடத்தில்தான் வாசிக்கிறவன் கோர்ட்டை மாற்றவேணும். இன்னொன்று. இந்த ராகம் கல்யாணி மாதிரிக் கனத்த கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, கேட்காது. வடக்கின் யமன் ராகத்தோடு சொந்தமுள்ளது. ஹரிஹரன் ஹிந்துஸ்தானி வித்துவான் குலாம் முஸ்தபா கானிடம் படித்தவர், உருதுக் கஸல் பாடியவர். வேண்டிய இடத்தில் சுரத்தை அசைக்காமல் நேராக நிறுத்துவார். கிற்றாருக்கு இதைவிடத் தோதான ராகத்தையும் குரலையும் எங்கே தேடுவது? தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள். கமகத்தையே நம்பி நிற்கிற தோடி ராகத்தை எடுத்து இப்படிச் செய்திருந்தால் நானே ரீச்சர் பக்கம் நின்றிருப்பேன்.

பழைய றேடியோ:
எங்களுக்குத் தெரிந்த ஹரிஹரன் 'ரோஜா'வில் பாடியவர்தான். தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டு அமுங்கிவிடும், பக்கத்தில் இருப்பவன் அவனைத்தான் ஏசுவான். இந்த அல்பமெல்லாம் பிறகு கொழும்பால் வந்தது. அப்புறம் ஒரு கேள்வி. பொப் என்று கதைக்கிறோம், 'சின்ன மாமியே' பாடிய எங்கள் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? இலங்கையில் ஆட்டப்பாட்டுக்கு அடிக்கிற பைலாத் தாளமும் யாழ்ப்பாணப் பேச்சும் பொருந்தினதுதான் கலப்பு. பம்பாயில் விளம்பரப் பாட்டுப் போட்ட லூயிஸிடமிருந்து எங்களுக்குப் பாடம் தேவையா?

சுருதிப்பெட்டி:
பைலா தனிக் கதை அண்ணை, பொப்பும் தனிக் கதை. அங்கே ஒருவரும் ஒரு கீர்த்தனையில் கை வைக்கவில்லை.

பழைய றேடியோ:
கை வைக்கப் பயந்த சங்கீதத்துக்குள் வயலின் எப்படி வந்தது? முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம்தானே படித்தார்? இன்று வயலின் இல்லாமல் நீங்கள் அரங்கேற்றம் வைப்பீர்களா?

சுருதிப்பெட்டி:
வயலின் எங்களுக்காக மாறியது. சுருதி சேர்க்கும் முறை மாறியது, இருந்து வாசிக்கும் முறையும் மாறியது. இந்த அல்பத்தில் ஆங்கிலப் பகுதி தன் இடத்தை விட்டு ஓரங்குலம் அசையவில்லை. சரணம் பற்றித் தம்பி சொன்னதற்கும் பதில் இருக்கிறது. உலகமே பிள்ளையின் வாய்க்குள் தெரிந்த பிறகும் அந்தத் தாய் மன்றாடவில்லை. கெதியாய் வா, முகத்தைக் காட்டு என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த உரிமைதான் பாட்டு. அதைப் பயந்த குரலில் பாடினால் பாட்டின் பாவமே, அந்த உணர்ச்சியே, போய்விட்டது.

இணுவிலான்:
இது நியாயமான அடி.

கொக்குவில் கிற்றார்:
சரி ரீச்சர், அந்தச் சரணத்தை உங்கள் முறையில் பாடி ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கோ. நான் கோர்ட் போடாமல் ஸ, ப என்ற ரெண்டு சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டு வருகிறேன். சுத்த மத்திமம் வரும் அந்த ஒரு இடத்தில் மட்டும் கோர்ட் மாற்றிப் பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்.

சுருதிப்பெட்டி:
ஸவும் பவும் சரி. மத்திமத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். கிற்றாரை எந்தக் கட்டைச் சுருதிக்குச் சேர்ப்பாய்? எனக்கு ஐந்தரைக் கட்டைக்கு மேல் வேண்டாம்.