மறு: மறு: ஃபிக்சேஷன் – மரத்துக்கு மருந்து ஏற்றும்போது என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

திங்கள் காலைக்குள் ஒரு கையேட்டை முடித்துத் தரவேண்டும். மரத்துக்குப் பூஞ்சை, கரையான் தடுப்பு மருந்து ஏற்றும் தொழிலாளர்களுக்கானது. மருந்து ஏசிக்யூ: தாமிரமும் குவாட்டர்னரி அம்மோனியமும் கலந்தது. 'ஃபிக்சேஷன் முடியும்வரை மழையில் நனையவிடாதீர்கள்' என்று ஒரு வரி. மருந்து கழுவிப் போகாமல் மரத்தோடு ஒட்டித் தங்குவதுதான் ஃபிக்சேஷன். நைட்ரஜனுக்குச் சொல்வதுபோல 'நிலைப்படுத்தல்' என்று போட்டேன். படித்தால் ஆடுகிற மரத்துக்கு முட்டுக் கொடுப்பதுபோல இருக்கிறது. உதவுங்கள்.

– கெடுவில் மாட்டிய மொழிபெயர்ப்பாளர்

*

நடப்பது என்ன என்று பார்ப்போம், பெயர் அப்புறம். குவாட்டர்னரி அம்மோனியத்தின் நைட்ரஜன் அணுவில் நான்கு கரிமத் தொகுதிகள். அமிலமோ காரமோ, அதன் நேர்மின்சுமை போகாது. மரத்தில் ஹெமிசெல்லுலோஸின் கார்பாக்சில் தொகுதிகளும் லிக்னினின் பீனால் தொகுதிகளும் எதிர்மின்சுமை ஏற்கக்கூடியவை. மருந்து தன் குளோரைடை உதறிவிட்டு அங்கே போய் ஒட்டுகிறது. கரைசல் செறிவாக இருந்தால், முதலில் ஒட்டியவற்றின் நீண்ட கார்பன் வால்களோடு வால் சேர்த்து இன்னும் கொஞ்சம் வந்து சேரும். தலைக்குக் குளித்தபின் போடும் கண்டிஷனர் முடியில் தங்குவதும் இதே சங்கதிதான். பூஞ்சையின் செல்சவ்வைக் கெடுப்பதும் அதே வால்தான்.

ஆனால் இது அயனிப் பரிமாற்றம். வேறு நேர் அயனிகள் நிறைய வந்தால் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்கும். 'நிலை' என்பது மருந்தே தராத வாக்குறுதி. என் ஓட்டு 'பற்றல்'.

– வேதியியல் வாத்தியார்

*

சார், 'மரத்தில் மருந்து பற்றிக்கொண்டது' என்று கையேட்டில் போட்டால் ஆள் தண்ணி வாளியைத் தேடி ஓடுவான். பட்டறையில் பற்றுவது தீ. பற்றவைப்பது வெல்டிங். மருந்து பிடிக்கும், சாயம் பிடிக்கும், கறை பிடிக்கும். அப்பா பலகையை நகத்தால் கீறிப் பார்த்து 'மருந்து புடிச்சிருச்சா?' என்றுதான் கேட்பார். இது மேலாகவே சீக்கிரம் பிடித்துவிடும், உள்ளே போகப் போகக் குறையும். அதனால் அப்புறம் இழைப்புளி போட்டால் நல்ல பகுதிதான் சுருள் சுருளாகப் போகும். அதையும் கையேட்டில் சேருங்கள். சாதா இரும்பு ஆணி அடிக்காதீர்கள் என்றும் சேருங்கள், இந்தத் தாமிரம் அரித்துவிடும்.

– ஆசாரி மகன்

*

'பிடித்தம்' என்றால் சம்பளத்தில் கழிப்பது, 'பிடிப்பு' என்றால் இடுப்பில் வருவது. வினையாக இருக்கும்வரை சரி, பெயராக்கினால் சிரிப்பார்கள். சாயத்தைத் துணியில் இருத்தும் பொருளுக்கு 'நிறமூன்றி' என்று முன்பே சொல் இருக்கிறதே! அதே ஊன்று. விதை ஊன்றுகிறோம், கால் ஊன்றுகிறோம், கருத்து ஊன்றிப் படிக்கிறோம். 'உள்' என்ற வேரிலிருந்துதான் ஊன்று வந்தது என்பது என் நெடுநாள் துணிபு. ஊன், ஊற்று, ஊடு எல்லாம் அந்தக் குடும்பமே. விரித்து எழுதுகிறேன்.

இன்னொன்று. குவாட்டர்னரி அம்மோனியத்தை 'நான்கிணைய அம்மோனியம்' என்று பாடநூலில் அச்சிட்டிருக்கிறார்கள். நாலாயிரம், நாலடி என்பதுதானே நம் மரபு? 'நாலிணைய' என்க.

– புலவர்

*

ஐயா, விரித்து எழுத வேண்டாம், போன முறை 'உள்' வேர் பதினொரு மடல் ஓடியது. நான்கு+இணைய, உகரம் கெட்டு உயிர் ஏறியது. அதில் என்ன பிழை?

எங்கள் இலங்கைப் பாடநூல்களில் 'நைதரசன் பதித்தல்' என்றுதான் படித்தோம். பரப்பில் ஒட்டுவதற்குப் 'புறத்துறிஞ்சல்' என்ற நல்ல சொல்லும் உண்டு. 'பதித்தல்' ஏன் ஆகாது?

– யாழ்ப்பாணத்திலிருந்து

*

பதித்தால் செய்பவர் ஒருவர் வேண்டும், அக்கா. இங்கே ஆள் மருந்தை ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார், மிச்சம் தானாக நடக்கிறது. தன்வினை வேண்டும்: ஊன்றுதல், பிடித்தல், பதிதல்.

– வேதியியல் வாத்தியார் (பற்றலை வாபஸ் வாங்கிக்கொண்டேன்)

*

எல்லோருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். வரிகளில் 'மருந்து நன்றாகப் பிடிக்கும்வரை நனையவிடாதீர்கள்'. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் மட்டும் 'ஊன்றல்'. ஒரே கையேட்டில் இரண்டு சொல்லா என்று திருத்துநர் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.

*

நாலிணைய என்று மாற்றினீர்களா?

– புலவர்