விதி எழுதியவர்கள் தோற்றார்களா?

கணியன்:
உலகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததையெல்லாம் விதிகளாக எழுதிக் கொடுத்தால் கணினிக்கு மனித மொழி புரிந்துவிடும் என்று கணினி அறிஞர் டக்ளஸ் லெனட் நம்பினார். 1984இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 'சைக்' திட்டத்தைத் தொடங்கினார். லட்சக்கணக்கான விதிகளைக் கையாலேயே எழுதினார்கள். 2023இல் லெனட் மறைந்தபோதும் வேலை முடியவில்லை. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளுக்கு யாரும் இலக்கண விதி எழுதிக் கொடுக்கவில்லை. எழுத்துக் குவியலைப் படித்தே சைக்கைவிடச் சரளமாகப் பேசுகின்றன. கையால் எழுதும் வழி முட்டுச்சந்து என்பதே என் முடிவு.

வெண்ணிலா:
மறுக்கிறேன். ஃபிரெட் என்பவர் காலையில் மின்சார ரேசரால் சவரம் செய்கிறார் என்று சைக்கிடம் ஒரு கதை சொன்னார்கள். மனிதருக்கு மின்பாகங்கள் கிடையாது என்பது அதற்குத் தெரியும். ரேசரைப் பிடித்திருக்கும் ஃபிரெட்டிடம் மின்பாகம் இருக்கிறதே, சவரம் செய்யும்போதும் அவர் மனிதர்தானா என்று அது கேட்டது. பலர் இதைத் தோல்விக்குச் சான்றாகச் சொல்வார்கள். நான் அதன் பெருமையாகக் கருதுகிறேன். தனக்குத் தெரிந்த இரண்டு செய்திகள் மோதுவதைக் கண்டது, எந்த விதி இடித்தது என்று காட்டியது, ஊகிக்காமல் கேட்டது. இன்றைய மாதிரிகள் பல நேரம் முரண்பாட்டைக் கவனிக்காமலே பதில் சொல்லிவிடுகின்றன.

கணியன்:
சின்னக் குழந்தைக்குக்கூட எழாத சந்தேகம் அது, வெண்ணிலா. 'கையில் பிடித்த பொருள் உடலின் பகுதி அல்ல' என்று புது விதி சேர்க்கலாம். மூக்குக்கண்ணாடிக்கு? செயற்கைக் காலுக்கு? நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கருக்கு? ஒவ்வொரு விதிக்கும் விலக்கு, அந்த விலக்குக்கும் விலக்கு.

கணினி அறிஞர் டெர்ரி வினோகிராட் 1972இல் தந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'நகரமன்றத்தார் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனெனில் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள்.' அஞ்சியவர்கள் மன்றத்தார். 'அஞ்சினார்கள்' என்பதை 'தூண்டினார்கள்' என்று மாற்றினால் 'அவர்கள்' ஆர்ப்பாட்டக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். இதை எந்த விதியில் அடைப்பீர்கள்? 2016இல் இத்தகைய வாக்கியங்களை வைத்து நடந்த போட்டியில் முதலில் வந்த நிரல் எடுத்தது 58 விழுக்காடு. மூன்றே ஆண்டுகளில், படித்துக் கற்ற மாதிரிகள் 90ஐத் தொட்டன.

செம்பருத்தி:
விதி இல்லை என்பதால் மனிதர் கை படவில்லை என்று ஆகிவிடாது. படங்களை அடையாளம் காணக் கணினிக்குக் கற்றுத்தந்த இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அறிஞர் ஃபெய்-ஃபெய் லீயின் குழு 2009இல் அதை வெளியிட்டது. அதன் வகைகள் வேர்ட்நெட்டிலிருந்து வந்தவை. வேர்ட்நெட், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் மனிதர்கள் கையால் தொகுத்த, சொற்களைப் பொருளால் இணைக்கும் சொல்வலை. படங்களை அடையாளம் காணும் போட்டிக்கென்று அதிலிருந்து பிரித்த 1000 வகைகளில் நாய் இனங்கள் மட்டும் சுமார் 120! படங்களில் 45 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இந்தியாவும் சீனாவும் சேர்ந்து 3 விழுக்காடு.

விளைவு என்ன? 2018இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை காட்டியது: வெள்ளை உடுத்திய அமெரிக்க மணப்பெண்ணின் படத்துக்கு 'மணப்பெண்', 'திருமணம்' என்று கணினி பெயரிட்டது. வட இந்திய மணப்பெண்ணின் படத்துக்கு 'நிகழ்த்துகலை', 'வேடம்' என்றது. நம் வீட்டுக் கல்யாணத்தை வேடம் என்று சொல்லும் கருவியைப் புரிதல் உள்ளது என்று என்னால் ஏற்க முடியாது.

கணியன்:
அது தரவுப் பற்றாக்குறை. இந்தியத் திருமணப் படங்களைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

செம்பருத்தி:
மணப்பெண்ணுக்குச் சரியாகலாம். அதே இமேஜ்நெட்டில் ஆட்களைக் குறிக்கும் வகைகள் 2,832 இருந்தன. 'கெட்டவர்', 'தோற்றுப்போனவர்' என்றெல்லாம் பெயர்கள். முகத்தைப் பார்த்து ஒருவரைக் கெட்டவர் என்று சொல்லக் கோடிப் படங்கள் இருந்தாலும் முடியுமா? 1,593 வகைகள் பாதுகாப்பற்றவை என்று 2019இல் அந்தக் குழுவே அறிவித்தது. பத்தாண்டுகளாக அவை தரவுக்குள் இருந்தன, கணியன்.

வெண்ணிலா:
நானும் இதைத்தான் சொல்கிறேன். பட்டியலாக எழுதி வைத்திருந்ததால்தானே 1,593ஐ எண்ணி நீக்க முடிந்தது? மொழி மாதிரி தானாகக் கற்றுக்கொண்ட வகைகளை இப்படி எண்ணிக் காட்டுங்கள் பார்ப்போம்.

கணியன்:
எண்ணிக் காட்ட முடியாதுதான்; அது பெரிய குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காகப் பட்டியலுக்குத் திரும்ப மாட்டேன். 'கெட்டவர்' என்பதை ஒரு வகையாகப் பட்டியலில் சேர்த்தவர்களும் கற்றறிந்த மனிதர்கள்தாமே, வெண்ணிலா?